கை ஊன்றாமல்

லால்குடி,
10.6.2025

சுபா அப்பாவுக்கு,

விஜயராணி எழுதுவது. போனில் பேசினால் நீங்கள் கத்துகிறீர்கள், நான் அழுதுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் இன்னொரு வசதியும் உண்டு. மறந்துபோனால் எடுத்து மறுபடியும் படித்துக்கொள்ளலாம். "நீ சொல்லவே இல்லையே" என்று பிறகு சொல்ல முடியாது.

நான் தம்பி வீட்டுக்கு வந்தது கோபத்தினால் இல்லை. சரி, கோபமும்தான். சனிக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தபடி "விஜயா, தண்ணி" என்று கூப்பிட்டீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் சொம்பு உங்கள் கைக்குப் பக்கத்திலேயே டீப்பாய் மேல் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் எனக்குத் திக்கென்றது. நீங்கள் கேட்டதுகூட இல்லை, நான் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தேனே, அது.

சித்திரையில் பாத்ரூமில் விழுந்தீர்கள். அடி ஒன்றும் இல்லை, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. என்னால் தூக்கவும் முடியவில்லை. மாடி வீட்டு சவரிநாதன் சாரும் பால்காரரும் வந்து தூக்கும்வரை ஈரத்தரையில் கிடந்தீர்கள். அப்புறம் போய்ப் பார்த்த டாக்டர் ஒரு கருவியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார். முடியவில்லை. அன்றைக்கே ஞாபகத்துக்கும் ஒரு சோதனை வைத்தார். அவர் சொன்ன வார்த்தைகளில் பாதி உங்களுக்குத் திரும்ப வரவில்லை.

அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ரெண்டையும் தனித்தனின்னு நினைக்காதீங்கம்மா. வயசானவங்கள்ல கைப்பிடியும் தொடையும் பலம் குறைஞ்சவங்களுக்கு ஞாபகமும் சீக்கிரம் தளருதுன்னு நிறைய ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. சதை வேலை செஞ்சா ரத்த ஓட்டம், சர்க்கரை எல்லாம் சீராகும், அது மூளைக்கும் நல்லது. சரியாயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இன்னிக்கு நம்ம கையில இருக்கிற வழி இது."

ஆட்டோவில் வீடு வரும்வரை நீங்கள் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை சொன்னாலும் நாற்காலியை விட்டு எழவில்லை.

சத்துணவுக் கூடத்தில் அண்டா தூக்கியவள் நான். ஒரு சொம்பு எனக்குப் பெரிசில்லை. ஆனால் நான் தூக்கத் தூக்க உங்கள் கை சும்மா இருக்கிறது. அதனால் முடிவு செய்துவிட்டேன். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து நீங்களாக எழுந்திருக்கும்வரை நான் வரப்போவதில்லை. சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டேன். காபிக்குக் கரண்ட் கெட்டில் இருக்கிறது, கொதித்ததும் தானே நின்றுவிடும். சவரிநாதன் சார் காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பார். சாப்பாடு அவர் மருமகள் ஜெஸ்லின் கொடுப்பாள். கொண்டுவந்து தர மாட்டாள். மாடியேறிப் போய் நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

விஜயராணி


ஸ்ரீரங்கம்,
14.6.2025

விஜயராணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் வருமாறு.

முதலாவது, நான் திருச்சி ஜங்ஷன் ரிசர்வேஷன் கவுண்டரில் உட்கார்ந்தே ரிட்டயர் ஆனவன். உட்கார்ந்துகொண்டேதான் இந்தப் பக்கம் ஓடுகிற ரயில் நம்பர் அத்தனையும் தலையில் வைத்திருந்தேன். யாரும் என்னைத் தண்டால் எடுத்துவிட்டு வந்து டிக்கெட் போடு என்று சொல்லவில்லை.

இரண்டாவது, மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றால் மூளைக்குத்தான் கொடுக்க வேண்டும். தினமும் பேப்பரில் சுடோகு போடுகிறேன். தொடைக்கும் ஞாபகத்துக்கும் என்ன சம்பந்தம்? பேர் மறக்கிறது என்று போனவனிடம் கைப்பிடியை அழுத்து என்கிற டாக்டரை நான் எங்கும் பார்த்ததில்லை.

மூன்றாவது, புருஷனைத் தனியாக விட்டுவிட்டு வந்தவளை உன் தம்பி எப்படி வீட்டில் வைத்திருக்கிறான்?

நேற்று மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியது. ஜெஸ்லின் மேலே டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். "கம்பியப் பிடிச்சிட்டு மெதுவா வாங்க அங்கிள், நான் இங்கதான் நிக்கிறேன்" என்கிறாள். ஓர் எட்டு இறங்கி வரவில்லை. நன்றாகத்தான் பழக்கி வைத்திருக்கிறாய். சாம்பார் ஆறிப்போய்விட்டது.

பிடிவாதம் போதும். திரும்பி வரவும்.

இப்படிக்கு,
அழகர்சாமி


லால்குடி,
19.6.2025

சுபா அப்பாவுக்கு,

மூன்றாவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். தம்பி சந்தோஷமாக வைத்திருக்கவில்லை. "மாமாவைத் தனியா விட்டுட்டு வந்திருக்கியே அக்கா, ஏதாவது ஆயிட்டா ஊர் உன்னைத்தானே கேக்கும்?" என்று முருகானந்தம் தினமும் கேட்கிறான். பெங்களூரிலிருந்து சுபாவும் போன் பண்ணித் திட்டினாள். "அப்பாவுக்கு மறதின்னு தெரிஞ்சும் இப்படிப் பண்ணுவியாம்மா?"

நான் செய்வது கொடுமையோ என்று சோறு உருட்டும்போது தோன்றும், வாய்க்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் நான் அங்கே இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இங்கே இருந்தால் என்ன நடக்கும் என்றுதான் தெரியவில்லை. தெரியாத பக்கமே இருக்கிறேன்.

பாதிப் படியில் நின்றீர்களே, அப்புறம் ஏறினீர்களா இல்லையா? அதை எழுதவே இல்லை.

விஜயராணி


ஸ்ரீரங்கம்,
2.7.2025

விஜயாவுக்கு,

ஏறினேன். ஏறாமல் சாம்பார் ஆறியது எப்படித் தெரியும்?

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். ஆடி முடியும்வரை அந்த டாக்டர் சொன்னது அத்தனையும் செய்வேன். செய்து முடித்து, தலையில் ஒரு மாற்றமும் இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே நிரூபிப்பேன். அப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது.

அதற்காக அம்மா மண்டபம் ரோட்டில் பிசியோதெரபி பார்க்கிற யாழினி என்ற பெண்ணிடம் போகிறேன். சுபாவைவிடச் சின்னவள், ஆனால் விடாக்கண்டி. நாற்காலியில் இரண்டு தலையணை வைத்து உயரமாக்கி, உட்கார், எழுந்திரு என்கிறாள். ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுக்கச் சொல்கிறாள். அரிசிப் பையைத் தரையிலிருந்து எடுத்து மேஜையில் வைக்கச் சொல்கிறாள். "எத்தனை தடவைம்மா?" என்றேன். "கடைசி ரெண்டு தடவை கஷ்டமா இருக்கணும் சார். கஷ்டமே இல்லைன்னா சதைக்கு அது வேலையே இல்ல" என்றாள். சுடோகு பற்றிச் சண்டைக்கு இழுத்தேன். "தாராளமா போடுங்க சார், அதுவும் நல்லதுதான். பேப்பரை மட்டும் கேட்லயே போடச் சொல்லுங்க. எழுந்து போய் எடுத்துட்டு வந்து போடுங்க" என்கிறாள்.

அவளும் உன்னிடம் பேசியிருக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டு தொடையும் வலிக்கிறது. இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

அழகர்சாமி


லால்குடி,
11.7.2025

சுபா அப்பாவுக்கு,

நான் அந்தப் பெண்ணிடம் பேசவில்லை. பேசியிருந்தால் தலையணையை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லியிருப்பேன்.

டாக்டரைப் பொய்யாக்குங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒழுங்காகச் செய்துவிட்டுப் பொய்யாக்குங்கள். ராத்திரி கொண்டைக்கடலையை ஊறப்போட்டால் காலையில் மாடிக்குக் கொண்டுபோய் ஜெஸ்லினிடம் அவித்து வாங்கிச் சாப்பிடலாம். அவளிடமே முட்டையும் கேளுங்கள். சதைக்கு வேலை கொடுத்தால் மட்டும் போதாது, சோறும் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் அப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வலி எப்படி இருக்கிறது? நானும் தகவலுக்காகத்தான் கேட்கிறேன்.

விஜயராணி


லால்குடி,
17.8.2025

சுபா அப்பாவுக்கு,

சவரிநாதன் சார் போன் செய்தார். நேற்று நீங்கள் டவுனுக்குப் போய் வழி தெரியாமல் நின்றீர்களாம். மத்தியானம் வரவேண்டியவர் சாயங்காலம் நடந்தே வந்தீர்களாம். செல்லையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தேடிவிட்டு வந்தாராம்.

நான் உங்களுக்குப் போன் பண்ணினேன். "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டீர்கள்.

என் புத்தி கெட்டுப்போய்விட்டது. எந்த நிபந்தனையும் வேண்டாம். துணியெல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டேன். தம்பிக்கு வெள்ளிக்கிழமைதான் ஒழிகிறது, அவனோடு வருகிறேன். அதுவரை வெளியே போகாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். உட்கார்ந்தே இருங்கள்.

விஜயா


ஸ்ரீரங்கம்,
19.8.2025

விஜயா,

இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் படித்துவிடு.

போனில் சொல்ல வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

என்.எஸ்.பி. ரோட்டில் ஷூ வாங்கப் போனேன். செருப்பு வழுக்கும், பின்பக்கம் பிடிமானம் வேண்டும் என்று யாழினி சொல்லியிருந்தாள். வாங்கி, அங்கேயே போட்டுக்கொண்டு, பழைய செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பஸ் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. எதில் ஏறுவது என்று தெரியவில்லை. நம்பர் நினைவுக்கு வரவில்லை. நம்ம ஒண்ணாம் நம்பர் பஸ், விஜயா. திருச்சியில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். சரி, போகவேண்டிய ஊரைச் சொல்லிக் கேட்கலாம் என்றால் ஊர்ப் பேரும் வரவில்லை. கண்டக்டர் ஒருவர் "எங்க போகணும் பெரியவரே?" என்றார். "எங்கயும் இல்ல, சும்மா நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். வாழ்நாள் முழுக்க "எங்க போகணும்?" என்று கவுண்டருக்கு உள்ளேயிருந்து கேட்டவன் நான்.

பயந்துபோனேன். இதுவரை உன்னிடம் நான் பயம் என்று சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். சிமெண்டு பெஞ்சில் உட்காரலாமா என்று பார்த்தேன். உட்கார்ந்தால் அப்படியே இருந்துவிடுவேன், யாராவது வந்து கூட்டிப் போனால்தான் உண்டு என்று தோன்றியது. வடக்கே ஆறு இருக்கிறது, வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். அது மட்டும்தான் தெரிந்தது. நடந்தேன்.

அண்ணா சிலை தாண்டிப் பாலத்தில் ஏறினேன். பக்கத்தில் புதுப் பாலம் கட்டுகிறார்கள், ஒரே இரைச்சல். காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. காற்று தள்ளியது. முட்டி துவளவில்லை. ஷூ புதுசு, குதிகாலைக் கடித்தது, ஆனாலும் கால் நின்றது. சித்திரையில் இருந்த காலாக இருந்தால் பாலத்தின் தொடக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். தூரத்தில் ராஜகோபுரம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மாம்பழச் சாலைக்கு வந்த பிறகுதான் நம் வீடு இருக்கிற "மங்கம்மா நகர்" என்ற பேர் வந்தது. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

டாக்டரைப் பொய்யாக்க வேண்டும் என்று ஆரம்பித்தவன். இப்போது அவர் சொன்னது நிஜமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஆகவே வராதே. நீ வந்தால் "உட்காருங்க" என்பாய். நான் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அது ரொம்ப சுலபம். இந்தக் கடிதத்தில்கூட அதைத்தானே எழுதியிருக்கிறாய்? உன்மேல் தப்பில்லை, பயத்தில் எழுதியது. ஆனால் இப்போது நான் உட்கார்ந்தால் முடிந்தது.

செல்லைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். பேர், விலாசம், சவரிநாதன் நம்பர், உன் நம்பர் எல்லாம் எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கிறது. இனி பாலத்துக்கு அந்தப் பக்கம் தனியாகப் போவதில்லை, இப்போதைக்கு. அவ்வளவு புத்தி எனக்கும் இருக்கிறது.

அழகர்சாமி


லால்குடி,
21.8.2025

பையைப் பிரித்துத் துணியை மறுபடி கொடியில் போட்டுவிட்டேன். தம்பி என்னைப் பைத்தியம் என்கிறான்.

குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். புது ஷூவுக்குள்ளும் கொஞ்சம் தடவுங்கள்.

விஜயா


ஸ்ரீரங்கம்,
27.9.2025

விஜயா,

ஆடி போய் ஆவணியும் போய்விட்டது. நேற்று டாக்டரிடம் போனேன். சவரிநாதன் பைக்கில் கூட்டிப் போனார்.

கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னார். எழுந்தேன். உட்காரச் சொன்னார், மறுபடி எழுந்தேன். அவர் போதும் என்று சொல்லும்வரை நிறுத்தவில்லை. கருவியை அழுத்தியதில் முள் முன்னைவிட நன்றாக நகர்ந்திருக்கிறது. "என்ன சார் சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். "கொண்டைக்கடலையும் வைராக்கியமும்" என்றேன். சிரித்தார்.

ஞாபகச் சோதனையும் வைத்தார். விஜயா, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சித்திரையில் வந்த அதே மார்க்குதான். ஏறவில்லை. "ஏமாத்தமா இருக்கா?" என்று கேட்டார். நான், "இறங்கலையே சார்?" என்றேன். "இறங்கல. இந்த வயசுல, இந்த நிலைமையில இறங்காம இருக்கறதே நாம பாடுபட்டு வாங்கினது. சில பேருக்கு ஏறும், சில பேருக்கு நிக்கும். இனிமேலும் விடாம செய்யணும்" என்றார்.

செய்வேன். தினமும். இறங்கவிட மாட்டேன் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அது சும்மா இறங்கிவிட முடியாது, என்னோடு மல்லுக்கட்டித்தான் இறங்க வேண்டும்.

உன் நிபந்தனை நிறைவேறிவிட்டது. முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன்.

அழகர்சாமி


லால்குடி,
3.10.2025

சுபா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் அழுதேன். எழுந்துவிட்டீர்கள் என்று பாதி அழுகை. மார்க் ஏறவில்லையே என்று மீதி. டாக்டர் சத்தியம் பண்ண மாட்டேன் என்றுதான் சொன்னார், எனக்கும் காது கேட்டது. ஆனாலும் உள்ளுக்குள் நான் ஏறும் என்றே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். நாலு மாசம் பிரிந்திருந்ததற்குக் கூலி கேட்கிற மாதிரி.

இப்போது கொஞ்சம் தெளிந்திருக்கிறேன். இறங்கலையே சார் என்று கேட்டீர்களே, அது நீங்கள்தான். நாற்காலியில் தண்ணி கேட்டவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

இன்னொரு விஷயம். போன வாரம் தம்பி பேத்திக்குக் காது குத்தினார்கள். மண்டபத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அண்டா தூக்கினது எல்லாம் எந்தக் காலம்? எனக்கும் அறுபத்தாறு ஆகிறது. உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் காலைப் பார்க்கவில்லை. அந்த யாழினியிடம் என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எப்போது வரட்டும்?

விஜயா


ஸ்ரீரங்கம்,
7.10.2025

விஜயா,

யாழினியிடம் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேரும் போட்டி போடாம இருக்கணும்" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் நான் லால்குடிக்கு வருகிறேன். தனியாக. உன்னைக் கூட்டிப் போக இல்லை. சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே தனியாகத் திரும்பிவிடுவேன். ஏன் என்று கேட்பாய். போய்த் திரும்பி வர என்னால் முடியும் என்று எனக்குத் தெரிய வேண்டும். நீ வந்த பிறகு அதைத் தெரிந்துகொள்ள நீ விடமாட்டாய். சவரிநாதன் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ஏற்றிவிடுவார், திரும்பும்போது அங்கேயே நிற்பார். அட்டை, செல், இரண்டும் உண்டு. ஒருவேளை இறங்க வேண்டிய ஊரை நான் தவறவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி உனக்குப் போன் பண்ணுவேன். அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ ஸ்டேஷனுக்கு வராதே.

உன்,
அழகர்சாமி


லால்குடி,
12.10.2025, சாயங்காலம்

சுபா அப்பாவுக்கு,

இப்போதுதான் போனில் "வந்துட்டேன்" என்றீர்கள். "சரிங்க" என்றேன். இந்தத் தடவை நீங்கள் கத்தவில்லை, நான் அழவில்லை. ஆனால் போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

காலையில் சொன்னபடி நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன். நீங்கள் திரும்புகிற இடத்தில் கொஞ்சம் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, சரியான பக்கம் திரும்பினீர்கள். மெலிந்திருக்கிறீர்கள். ஆனால் தோள் கூனவில்லை.

சாப்பிடும்போது தம்பியிடம் "சம்பா நடவு முடிஞ்சுதா?" என்று கேட்டீர்கள். சொன்னான். மோர் ஊற்றும்போது மறுபடியும் அதையே கேட்டீர்கள். நான் அவனைப் பார்த்தேன். "முடிஞ்சுது மாமா, மேல வயல் மட்டும் பாக்கி" என்று முதல் தடவை கேட்ட மாதிரியே சொன்னான். நாலு மாசமாக என்னைத் திட்டியவன். அவன்மேல் இருந்த வருத்தம் எனக்கு அதோடு போய்விட்டது.

திரும்பும்போது ஸ்டேஷனுக்கு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். விட்டீர்கள். தம்பி கொடுத்த அரிசிப் பை உங்கள் வலது கையில். வண்டி வந்து நின்றது. படி உயரம். கம்பியைப் பிடித்தீர்கள், ஒரு காலைத் தூக்கி வைத்தீர்கள், அந்த ஒரு வினாடி அப்படியே நின்றீர்கள். என் கை உங்கள் முழங்கைக்குப் போய்விட்டது. தொடவில்லை. இழுத்துக்கொண்டேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் ஏறினீர்கள். பையோடு ஏறினீர்கள். உள்ளே போய் ஜன்னலோரமாக இடம் பார்த்து உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தீர்கள். என் கை அப்போதும் பின்னாலேயேதான் இருந்தது. அதனால்தான் டாட்டா காட்டவில்லை. நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அண்டா தூக்கியபோதுகூட எனக்குக் கை அப்படி வலித்ததில்லை.

வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். என் பையை நானே தூக்கிக்கொண்டு இறங்குவேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு வருவதாக இருந்தால் வாருங்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

உங்கள்,
விஜயா